இரண்டு புரதங்கள் சேர்கின்றனவா? ஈஸ்ட் தட்டிலிருந்து இலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் ஹெப்பாளைத் தாண்டி, பல்லாரி சாலையை ஒட்டியுள்ள ஆய்வகங்களில் தமிழ் கேட்பது அபூர்வமல்ல. ஆண்டுதோறும் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக இரண்டு மூன்று பேர் வந்து சேர்கிறார்கள். ஆறு மாதம் கழிவதற்குள் அவர்களில் ஒருவராவது, புரதங்கள் சேர்ந்தால் ஒளிரும்படி ஒளிர் துண்டுகளை ஒட்டிவைத்த செல்லைப் பார்த்துவிட்டு, நுண்ணோக்கி அறையிலிருந்து ஓடிவந்து, "அக்கா, மஞ்சளாக ஒளிர்கிறது! இரண்டு புரதமும் சேர்ந்துவிட்டன!" என்று படத்தை நீட்டுவார். நான் கேட்பது ஒன்றுதான்: "சேரக் கூடாத ஜோடியின் படம் எங்கே, தம்பி?" அந்தப் படம் பெரும்பாலும் இருக்காது.

அதனால் இந்த வழிகாட்டியைத் தலைகீழாக, சேரக் கூடாத ஜோடியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஓர் உதாரண ஜோடி

மண் காயும்போது செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அதை உணரும் புரதம் பைர்1. ஹார்மோன் தன் குழிக்குள் வந்து உட்கார்ந்ததும் பைர்1-இன் மூடி சாய்ந்துகொள்கிறது. அந்த உருமாற்றத்தோடு அது ஏபிஐ1 போன்ற, மற்ற புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் நொதிகளைக் கவ்விச் செயலிழக்கச் செய்கிறது. ஏபிஐ1 என்பது வறட்சிக்கான எதிர்வினைக்குப் போட்டுவைத்த பிரேக். பிரேக் விடுபட்டதும் இலைத்துளைகள் மூடுகின்றன. 2009-இல் இந்த ஏற்பிக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டதில் ஈஸ்ட் சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான ஜோடி கிடைப்பது கடினம். ஹார்மோன் இருந்தால் சேரும், இல்லாவிட்டால் சேராது. அதோடு ஏபிஐ1-இன் 180-ஆவது இடத்தில் உள்ள கிளைசினை அஸ்பார்ட்டிக் அமிலமாக மாற்றினால் பிடி தளர்ந்துவிடும்; இப்படி மாறிய வடிவத்தைத்தான் இனி திரிபு என்பேன். அந்த ஒற்றை மாற்றம் கொண்ட அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களின் மாதிரிச் செடி) ஹார்மோனைச் சட்டை செய்வதே இல்லை. சேரக் கூடாத ஜோடியை இயற்கையே நமக்குக் கொடுத்துவிட்டது. உங்கள் புரதங்கள் வேறாக இருக்கலாம். அங்கெல்லாம் இதே பாத்திரத்தை யார் ஏற்பது என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

குளோனிங் தொடங்கும் முன்

என் முதல் ஆண்டுகளில் நெகட்டிவ் (சேரக் கூடாத ஒப்பீட்டு ஜோடி) என்று நான் வைத்தது வெறும் பிளாஸ்மிட், அதாவது மரபணுவைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் வட்ட டிஎன்ஏ. ஒரு பக்கம் என் புரதம், மறுபக்கம் ஒன்றுமே ஒட்டாத ஒளிர் துண்டு. அது ஒளிரவில்லை, நான் மகிழ்ந்தேன். நான்கு மாத வேலைக்குப் பிறகு, பார்த்தவர் ஒருவர் கேட்டதற்காக, பிடி போன திரிபைச் செய்து பார்த்தேன். அதுவும் அதே பிரகாசத்தோடு ஒளிர்ந்தது. நான்கு மாதமும் குப்பைக்குப் போயிற்று. வெறும் துண்டு சிறியது, நிலையற்றது, செல்லில் வேறெங்கோ கிடப்பது. உங்கள் புரதத்தோடு அதை ஒப்பிடுவது ஆட்டையும் கோழியையும் ஒரே தராசில் நிறுத்துவது போன்றது. நல்ல நெகட்டிவ் என்பது அதே அளவும் அதே இருப்பிடமும் கொண்டு, சேரும் முகம் மட்டும் கெட்டுப்போன புரதம். அந்த மாற்றத்தைச் செய்யத் தேவையான பிரைமரை (குட்டி டிஎன்ஏ இழை) மற்ற பிரைமர்களோடு அதே நாளில் ஆர்டர் செய்யுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செய்ய மாட்டீர்கள்.

சேரும் முகம் எதுவென்று தெரியாவிட்டால் புரத வடிவத்தைக் கணிக்கும் மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டிடம் கேட்கலாம். 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டு வரிசைகளைக் கொடுத்தால் அவை எப்படிப் பொருந்தும் என்று வரைந்து, ஐபிடிஎம் என்ற மதிப்பெண்ணும் தரும். 0.8-க்கு மேல் என்றால் நம்பலாம்; 0.6-க்குக் கீழே என்றால் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். நான் அதை இரண்டு காரியங்களுக்கே பயன்படுத்துகிறேன்: எந்த அமினோ அமிலத்தைக் கெடுப்பது, புரதத்தின் எந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது தெரிந்தால்தான் ஒட்டுத்துண்டை (அடையாளத்துக்காகவோ ஒளிரவோ புரதத்தோடு இணைக்கும் துண்டு) எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்ய முடியும். கணினி வரைந்த படத்தைச் சான்றாக நீட்டுபவர்களோடு எனக்கு வழக்கு உண்டு.

நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியையும் இப்போதே வாங்கிவிடுங்கள். மரபணு மாற்றிய பாக்டீரியாவும் இலைகளும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியால் கொல்லப்படாமல் அறையை விட்டு வெளியேறக் கூடாது.

ஈஸ்ட் தட்டு

1989-இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் வெளியிட்ட தந்திரம் இது. ஈஸ்டின் கால்4 புரதத்தில் ஒரு பகுதி டிஎன்ஏவில் உட்காரும். இன்னொரு பகுதி மரபணுவை இயக்கிவைக்கும். பிரித்துவிட்டால் இரண்டுக்கும் தனியே பயனில்லை. முதல் பகுதியோடு பைர்1-ஐயும் அடுத்ததோடு ஏபிஐ1-ஐயும் ஒட்டி ஈஸ்டுக்குள் அனுப்புங்கள். அவை கைகோத்தால் பிரிந்த பகுதிகளும் அருகருகே வந்து, ஹிஸ்டிடினும் அடினினும் தயாரிக்கும் மரபணுக்களை எழுப்பிவிடும். அந்த இரண்டும் இல்லாத ஊடகத்தில் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும்.

பாடநூல்கள் இந்த இரண்டையும் தூண்டில், இரை என்கின்றன. தமிழில் தூண்டில் முள்ளில் கோப்பதும் இரைதான் என்பதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். நான் தூண்டில், மீன் என்றே சொல்வேன். டிஎன்ஏவில் உட்கார்வது தூண்டில். அதைத் தாங்கும் பிளாஸ்மிட் டிரிப்டோஃபான் இல்லாத ஊடகத்தில் ஈஸ்டைக் காப்பாற்றும். மீனைத் தாங்கும் பிளாஸ்மிட் லியூசின் இல்லாத ஊடகத்தில் காப்பாற்றும். இரண்டும் உள்ளே போய்விட்டன என்பதற்கு, லியூசினும் டிரிப்டோஃபானும் இல்லாத தட்டில் வளர்வதே சாட்சி.

பிளாஸ்மிட்டை உள்ளே அனுப்பும் முறை எளிது, வரிசை முக்கியம். கழுவிய ஈஸ்டின் மேல் முதலில் 50 சதவீத பாலிஎத்திலீன் கிளைக்கால் 240 மைக்ரோலிட்டர், பிறகு 1 மோலார் லித்தியம் அசிடேட் 36 மைக்ரோலிட்டர், பிறகு கொதிக்கவைத்துப் பனிக்கட்டியில் குளிர்வித்த சால்மன் விந்து டிஎன்ஏ 50 மைக்ரோலிட்டர், கடைசியில் உங்கள் பிளாஸ்மிட்டுகளும் நீருமாக 34 மைக்ரோலிட்டர். லித்தியத்தை முதலில் ஊற்றினால் அந்தச் செறிவு ஈஸ்டைத் தாக்கும், கிளைக்கால் கவசம். நன்றாகக் கலக்கி 42 டிகிரியில் 40 நிமிடம் வைத்து, தட்டில் பரப்பி 30 டிகிரியில் மூன்று நான்கு நாள் விடுங்கள்.

அடுத்துச் செய்ய வேண்டியதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தூண்டிலை மட்டும், எதிரே வெறும் மீன் பிளாஸ்மிட்டோடு, ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் வையுங்கள். வளர்ந்தால், உங்கள் புரதம் துணையே இல்லாமல் மரபணுவை இயக்குகிறது என்று பொருள். மரபணுக்களை இயக்குவதையே தொழிலாகக் கொண்ட தாவரப் புரதங்கள் இப்படி அடிக்கடி ஏமாற்றும். அமினோடிரையசோல் என்ற சேர்மத்தை 1 முதல் 10 மில்லிமோலார் வரை படிப்படியாகச் சேர்த்துப் பாருங்கள். ஹிஸ்டிடின் தயாரிக்கும் நொதியை அது அமுக்குவதால் சிறு கசிவு அடங்கிவிடும். அப்படியும் வளர்ந்தால் தூண்டிலையும் மீனையும் இடம் மாற்றுங்கள், அல்லது இயக்கும் துண்டை வெட்டியெடுங்கள்.

இப்போது உண்மையான சோதனை. இரவு முழுதும் வளர்ந்த ஈஸ்டை ஒரே அடர்த்திக்குக் கொண்டுவந்து, 1, 0.1, 0.01, 0.001 என்று நீர்க்கவைத்து, ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் சொட்டு வையுங்கள். நம் ஜோடிக்கு ஹிஸ்டிடின் இல்லாத தட்டு மூன்று வகை வேண்டும்: ஹார்மோன் சேர்க்காதது, 10 மைக்ரோமோலார் அப்சிசிக் அமிலம் சேர்த்தது, அமிலத்தைக் கரைத்த ஆல்கஹாலை மட்டும் அதே அளவு சேர்த்தது. அமிலத்தைக் கொதிக்கும் அகாரில் ஊற்றாமல், கையால் பிடிக்கும் அளவு சூடு ஆறியபின் ஊற்றுங்கள். தட்டை வெளிச்சத்தில் போட்டு வைக்காதீர்கள்.

மூன்றாம் நாள் தட்டைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஹார்மோன் தட்டில் பைர்1, ஏபிஐ1 வரிசை கெட்டித் தயிர்ச்சொட்டு வைத்தது போல நான்கு நீர்ப்பிலும் வெளுத்து நிற்க வேண்டும். கிளைசின் மாறிய திரிபின் வரிசையில், முதல் சொட்டு விழுந்த இடத்தில் மங்கிய வட்டம் மட்டுமே தெரியும். அடினின் குறைவாக உள்ள தட்டு என்றால் இன்னொரு துப்பும் கிடைக்கும்: அடினின் மரபணு விழிக்காத ஈஸ்டில் செந்நிறப் பொருள் தேங்கி, புள்ளி இளஞ்சிவப்பாகும்; விழித்தது வெள்ளையாக இருக்கும். வெள்ளைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டால் அதைத் துடைத்து எறியாதீர்கள். அங்கே ஏதோ கழன்றிருக்கிறது.

எதுவும் வளராவிட்டால் "சேரவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஆன்டிபாடியால் அடையாளம் காணக்கூடிய குட்டி ஒட்டுகளில், தூண்டில் பக்கம் மிக் ஒட்டும் மீன் பக்கம் எச்ஏ ஒட்டும் வைத்த பிளாஸ்மிட்டுகள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் முறை) ஓட்டி, புரதம் உருவானதா என்று முதலில் பாருங்கள். செல்சவ்வில் புதைந்திருக்கும் புரதம் ஈஸ்டின் உட்கருவுக்குள் வரவே வராது. அதற்கு 1994-இல் வந்த பிளவு யூபிக்விட்டின் முறை இருக்கிறது. சேர்க்கை சவ்விலேயே நடக்கும், செய்தி மட்டும் உட்கருவுக்குப் போகும்.

இலைக்குள் இறங்குவது

ஈஸ்ட் செடியல்ல. அங்கே சேர்ந்தவை இலையில் ஒன்றையொன்று சந்திக்காமலே போகலாம். ஆகவே அடுத்த களம் நிக்கோட்டியானா பெந்தாமியானா, ஆஸ்திரேலியக் காட்டுப் புகையிலை. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ரகத்தில் வைரஸை எதிர்க்கும் ஆர்டிஆர்1 மரபணு பழுதாகியிருக்கிறது. அந்தப் பலவீனமே நமக்கு வசதி.

நான்கு முதல் ஐந்து வாரச் செடி, பூ மொட்டு விடுவதற்கு முன். மொட்டு விட்டால் அதைக் கிள்ளிவிட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். வேறு செடி எடுங்கள். புரதத்தின் மரபணுவைத் தாங்கிய அக்ரோபாக்டீரியத்தை (செடிக்குள் மரபணுவைக் கடத்தும் மண் பாக்டீரியம்) 28 டிகிரியில் இரவு வளர்த்து, வண்டலாக இறக்கி, 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடும் பிஎச் 5.6-இல் அமிலத்தன்மையை நிலைநிறுத்தும் 10 மில்லிமோலார் எம்இஎஸ்ஸும் 150 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோனும் கலந்த நீரில் கரையுங்கள். காயம்பட்ட செடி கசியவிடும் பொருள் அசிட்டோசிரிங்கோன். அதன் வாடை பட்டதும் பாக்டீரியம் மரபணு கடத்தும் கருவிகளைத் தயார் செய்கிறது. அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் அறை வெப்பத்தில் விட வேண்டும். 600 நானோமீட்டரில் அளந்த அடர்த்தி ஒவ்வொரு புரதத்துக்கும் 0.3 போதும். கூடவே பி19 தாங்கிய பாக்டீரியத்தையும் சேருங்கள். தக்காளி வைரஸிலிருந்து வந்த அந்தப் புரதம், செடி அந்நிய மரபணுவை வாயடைக்க அனுப்பும் குட்டி ஆர்என்ஏக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செடிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைத்தால் இலைத்துளைகள் திறந்திருக்கும். ஊசி மாட்டாத 1 மில்லி சிரிஞ்சை இலையின் அடிப்புறத்தில் வைத்து, மேற்புறத்தில் விரல் கொடுத்து மெல்ல அழுத்துங்கள். நீர் ஏறும் இடம் எண்ணெய் பட்ட காகிதம்போலக் கரும்பச்சையாகி நரம்பு வரை பரவும். இலை முறிகிற சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், துளை பிசகினால் பாக்டீரிய நீர் நேரே முகத்துக்கு வரும்.

இங்கே ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதிக்குச் செடிகள் நிம்மதியாக இருக்கும். ஏப்ரலில் மட்டும் மதியம் 35 டிகிரியைத் தொடும். அக்ரோபாக்டீரியம் மரபணுவைக் கடத்தும் குழாய் அமைப்பு 28, 29 டிகிரிக்கு மேல் சரியாகக் கூடுவதில்லை. 22 டிகிரிதான் அதற்குச் சுகம். ஜனவரியில் கண்ணைப் பறித்த ஒளிர்வு ஏப்ரலில் மங்கிப்போனால் பிளாஸ்மிட்டைச் சந்தேகிக்கும் முன் அறையின் வெப்பமானியைப் பாருங்கள். வார இறுதியில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போகும் நல்லெண்ணக்காரர் எல்லா ஆய்வகத்திலும் ஒருவர் இருக்கிறார்.

இனி, எதை ஒட்டுவது? பலரும் தேர்வது பிளந்த மஞ்சள் ஒளிர் புரதம், அதாவது பைஃப்சி. 154, 155-ஆவது அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டிய இரு துண்டுகள், தாங்கும் புரதங்கள் சேரும்போது மடிந்து ஒன்றாகி ஒளிரும். படம் அழகாக வரும், ஆய்வேட்டின் அட்டைக்கு ஏற்றது. எனக்கு இதன்மேல் நம்பிக்கை குறைவு. இரு துண்டுகளும் ஒருமுறை பூட்டிக்கொண்டால் பிரிவதில்லை. செல் நிறையப் புரதம் உற்பத்தியானால், சும்மா உரசிப்போனவையும் பூட்டிக்கொள்ளும். நம் ஜோடியில் இன்னொரு பொறியும் உண்டு. பைர்1-உம் ஏபிஐ1-உம் உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் இருப்பவை. துண்டுகள் தாமாகவே கூடினாலும் அதே இரண்டு இடங்களில்தான் ஒளி தெரியும். படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. திரிபை அதே இலையின் மறுபாதியில் ஏற்றி, அதே லேசர் வலிமையில், அதே நாளில் படமெடுத்து, இரண்டும் சம அளவில் உருவானதை வெஸ்டர்னில் காட்டினால் மட்டுமே அந்த மஞ்சளுக்கு மதிப்பு.

நான் பரிந்துரைப்பது பிளந்த லூசிஃபரேஸ். மின்மினியின் நொதியை இரண்டாக வெட்டி ஒட்டுவது. 2008 முதல் தாவரங்களில் பரவலானது. இது சேரும், பிரியும், மீண்டும் சேரும். ஒரே இலையை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒன்றில் உண்மையான ஜோடி, ஒன்றில் திரிபு, மற்ற இரண்டில் வெறும் துண்டோடு ஒவ்வொரு புரதம் என்று ஏற்றுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து 1 மில்லிமோலார் லூசிஃபெரினைப் பூசி, இலையைப் பத்து நிமிடம் இருட்டில் வையுங்கள்; பச்சையம் தேக்கி வைத்த ஒளி வடிந்துவிடும். குளிரூட்டிய கேமராவில் கால்வாசி இலை மட்டும் எரிவது தெரியும். எண்ணாகவும் அளக்கலாம், கதையளக்க இடமில்லை.

ஆனால் ஹார்மோன் இல்லாத நிலையை இலையில் காட்ட முயலாதீர்கள். இலை தனக்கு வேண்டிய அப்சிசிக் அமிலத்தைத் தானே தயாரிக்கும். அந்த ஒப்பீட்டுக்கு உரிய இடம் ஈஸ்ட் தட்டும் சோதனைக் குழாயும்தான். இலையில் திரிபை நம்புங்கள்.

சாற்றிலிருந்து பிடித்தெடுப்பது

கோ-ஐபி: ஒரு புரதத்தைப் பிடித்து இழுத்து, கூடவே யார் வருகிறார் என்று பார்ப்பது. பைர்1-இல் பச்சை ஒளிர் புரதத்தையும் ஏபிஐ1-இல் எச்ஏ ஒட்டையும் வைத்து இலையில் ஏற்றுங்கள். இன்னொரு செடியில் வெறும் பச்சை ஒளிர் புரதமும் எச்ஏ ஏபிஐ1-உம். மூன்றாவதில் பைர்1-உம் திரிபும்.

1 கிராம் இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் கல்வத்தில் அரையுங்கள். பச்சை மாவு கோலப்பொடிபோல நைசாக வர வேண்டும். கரகரப்பாக நின்றால் செல்கள் உடையவில்லை. மாவு உருகுவதற்குள் 2 மில்லி குளிர்ந்த பஃபரை ஊற்றுங்கள்: பிஎச் 7.5-இல் 50 மில்லிமோலார் டிரிஸ், 150 மில்லிமோலார் உப்பு, 10 சதவீத கிளிசரால், 0.2 சதவீத என்பி-40 என்ற சவர்க்காரம், புரதச் சிதைவைத் தடுக்கும் கலவை, அதே வேலையைச் செய்யும் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார். கடைசியில் சொன்னதை நீரில் கலந்து காலையிலேயே எடுத்து வைப்பது வீண். ஒரு மணி நேரத்துக்குள் பாதி அழிந்துவிடும். ஊற்றும் கணத்தில் சேருங்கள், கையுறையோடு, அது நஞ்சு. சாறு பழுப்பாக மாறினால் ஃபீனால்கள் வேலையைக் காட்டுகின்றன என்று அர்த்தம். அடுத்த முறை அவற்றை உறிஞ்சும் பிவிபிபி தூளை 1 சதவீதம் சேருங்கள். கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் டிடிடியைச் சேர்க்கும் பழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: புரதத்தைப் பிடிக்கச் சாதாரண ஆன்டிபாடி பூசிய மணிகளில் அது ஆன்டிபாடியையே துண்டாக்கிவிடும்.

4 டிகிரியில் 13,000 ஜி விசையில் கால்மணி நேரம், இரண்டு முறை சுழற்றுங்கள். தெளிந்த சாற்றில் 50 மைக்ரோலிட்டரை எடுத்து "இன்புட்" என்று எழுதி வையுங்கள். இதை மறந்தவர்கள் மறுபடி விதை போடுவதிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். மீதியை 20 மைக்ரோலிட்டர் மணிகளோடு குளிரறையில் ஒன்றரை மணி நேரம் சுழலவிடுங்கள். இலைக்கு நான் விரும்புவது அல்பாகாவிலிருந்து பெற்ற குட்டி ஆன்டிபாடியான நானோபாடி பூசிய மணிகள். காரணம் ரூபிஸ்கோ, கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதி. இலையில் கரையும் புரதத்தில் ஏறக்குறைய பாதி அதுதான்; அதன் பெரிய துணைப்பகுதி வெஸ்டர்னில் 55 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே அகலமாக ஓடும். சாதாரண ஆன்டிபாடியின் கன இழை 50 கிலோடால்டனில் ஓடும். ஏபிஐ1-உம் அந்தப் பக்கம்தான் ஓடும். மூன்றும் ஒரே உயரத்தில் நின்றால் எந்தப் பட்டை யாருடையது என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். நானோபாடி சிறியது, கீழே ஒதுங்கிவிடும்.

நான்கைந்து முறை கழுவுங்கள். எவ்வளவு கழுவுவது என்பதில் ஆளாளுக்கு ஒரு சாமி. என் கணக்கு, வெறும் பச்சை ஒளிர் புரதத்தின் தடத்தில் எச்ஏ பட்டை மறையும் வரை. உண்மையான ஜோடியிலும் மறைந்துவிட்டால் உப்பையும் என்பி-40-ஐயும் குறைத்து மறுபடி. கோ-ஐபி சொல்வது "ஒரே கூட்டத்தில் இருக்கின்றன" என்பதுதான். நேராகத் தொடுகின்றனவா, நடுவில் மூன்றாமவர் இருக்கிறாரா என்று அது சொல்லாது.

நேரில் பார்க்க முடியாத தூரத்தை அளக்க வேண்டுமானால் ஃபிரெட்-ஃபிளிம் இருக்கிறது. இரு ஒளிர் புரதங்கள் 10 நானோமீட்டருக்குள் நெருங்கினால், ஆற்றலைக் கொடுக்கும் ஒளிர் புரதத்தின் ஒளிர்வு ஆயுள் குறையும். நல்ல கருவியும் அதைவிட நல்ல இயக்குநரும் வேண்டும். துணை யாரென்றே தெரியாவிட்டால் டர்போஐடி என்ற நொதி. 2019-இலிருந்து தாவரங்களில் பயன்படுகிறது, பக்கத்தில் வருவோர் எல்லோர்மேலும் பயோட்டின் முத்திரை குத்திவிடும். வேடிக்கை பார்த்து நின்றவருக்கும் முத்திரை விழும் என்பதால், அங்கே கிடைக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு மறுபடி இந்த வழிகாட்டியின் தொடக்கத்துக்கே வர வேண்டியிருக்கும்.

இரண்டு மட்டும், ஒரு குழாயில்

நேரடித் தொடுதலுக்கு இரண்டையும் ஈ. கோலை பாக்டீரியாவில் தனித்தனியே தயாரித்துச் சுத்தம் செய்யுங்கள். பைர்1-இல் குளுட்டாதயோனைப் பிடிக்கும் ஜிஎஸ்டி ஒட்டு, ஏபிஐ1-இல் ஹிஸ்டிடின் ஒட்டு. 37 டிகிரியில் அவசரமாகத் தயாரித்தால் புரதம் கட்டியாகி வண்டலில் போய்விடும். 18 டிகிரியில் இரவு முழுதும், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி 0.2 மில்லிமோலார். ஏபிஐ1-க்கு மெக்னீசியம் அல்லது மாங்கனீசு வேண்டும், ஆகவே அந்த உலோகங்களைப் பறிக்கும் இடிடிஏ பஃபரில் கூடாது. ஜிஎஸ்டி தானே இரட்டையாகச் சேரும் குணமுள்ளது. வெறும் ஜிஎஸ்டி தடம் இல்லாத புல்-டவுன் (மணியால் இழுத்தெடுக்கும் சோதனை) படத்தை நான் பார்ப்பதில்லை. குளுட்டாதயோன் மணிகள், ஹார்மோன் உள்ள குழாய், இல்லாத குழாய், திரிபுக் குழாய்; ஒரு மணி நேரம், கழுவல், வெஸ்டர்ன்.

நம் ஜோடிக்கு இதற்கும் மேலே ஒரு படி உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். ஏபிஐ1 நொதி என்பதால் பாரா நைட்ரோஃபீனைல் பாஸ்பேட்டை வெட்டி மஞ்சள் நிறம் தரும். 405 நானோமீட்டரில் அளக்கலாம். 96 குழித் தட்டில் முதல் வரிசையில் ஏபிஐ1 மட்டும். இரண்டாவதில் பைர்1-உம். மூன்றாவதில் பைர்1-உம் ஹார்மோனும். நான்காவதில் அதே இரண்டோடு, ஏபிஐ1-க்குப் பதில் திரிபு. அரைமணி நேரத்தில் முதல் இரண்டு வரிசையும் மஞ்சளாகும், திரிபு வரிசையும் நிறம் காட்டும். மூன்றாவது வரிசை தண்ணீர்போலத் தெளிவாகவே நிற்கும். சென்ற மாதம் அந்தத் தட்டை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துக்கொண்டு ஒரு மாணவி என்னைக் கூப்பிட்டாள். படத்தை நீட்டவில்லை, நான்காவது வரிசையில் விரலை வைத்து, "இது நிறம் காட்டும் வரை உங்களைக் கூப்பிட வேண்டாம் என்று காத்திருந்தேன், அக்கா" என்றாள்.